ஒரே எண்ணில் இரண்டு வவுச்சர்

பழைய டெர்மினல்களைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல தப்பு இருந்தா எப்பவும் தப்பாத்தானே வரணும்? தொண்ணூத்தொன்பது தடவை சரியா வந்துட்டு நூறாவது தடவை மட்டும் எப்படி சார் தப்பும்?"

நியாயமான கேள்வி. கூட்டல் தப்பாக எழுதப்பட்டிருந்தால் எப்போதும் தப்பாகத்தான் வரும். அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ஆனால் கணினியில் இன்னொரு ஜாதித் தப்பு உண்டு. அது ஆள் பார்த்து வராது, நேரம் பார்த்து வரும். ரேஸ் கண்டிஷன் என்று அதற்குப் பெயர். இரண்டு பேர் ஒரே பொருளை நோக்கி ஓடும்போது யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுவதால் அந்தப் பெயர்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் ஒரே ஒரு டைரி. இரண்டு குமாஸ்தாக்கள். தை மாத முகூர்த்தம் ஒன்றைக் கேட்டு இரண்டு குடும்பத்தார் வருகிறார்கள். முதல் குமாஸ்தா டைரியைப் பார்க்கிறார், அந்தத் தேதி காலி. "இருக்குங்க" என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுக்க உள்ளே போகிறார். அதற்குள் இரண்டாமவர் அதே டைரியைப் பார்க்கிறார், அவருக்கும் காலி. இருவரும் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் டைரியைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். தவறு ஆளிடம் இல்லை. பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே இருந்த அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்க இது நடக்காமலே கூடப் போகலாம். முகூர்த்தக் கூட்டம் வரும்போதுதான் நடக்கும்.

இந்த அரை நிமிஷம் ஒருவருடைய வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

1990-களின் நடுவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பணப் பட்டுவாடா செய்யும் ஒரு பெரிய அலுவலகமும் உண்டு. ஊரும் பேரும் வேண்டாம். பின்னறையில் ஒரு யூனிக்ஸ் கணினி, முன்னால் நாலு கவுண்டரிலும் அதனோடு இணைந்த நாலு டெர்மினல். பணம் வாங்க வருபவரின் விவரத்தை அடித்ததும் வவுச்சர் அச்சாகும். அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார். மாலையில் ஒவ்வொரு கவுண்டரும் கொடுத்த தொகையைக் கணினி கூட்டிச் சொல்லும். கையில் மிச்சமிருக்கும் பணம் அதோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் காசாளர்தான் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும்.

இரண்டாவது கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு நாலு மாதத்தில் மூன்று தடவை பணம் குறைந்தது. மூன்று தடவையும் அவரே கட்டினார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தன் வவுச்சர் கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து, கணினிப் பட்டியலில் இல்லாத வவுச்சர்களை எடுத்துக் காட்டினார். அங்கேதான் விஷயம் விபரீதமானது. தணிக்கைக்கு வந்தவர் அந்த எண்ணைக் கணினியில் தேடினார். எண் இருந்தது. ஆனால் வேறு பெயர், வேறு தொகை, மூன்றாவது கவுண்டர். ஆக ஒரே எண்ணில் இரண்டு வவுச்சர். கணினியில் இருப்பது அசல் என்றால் இந்த அம்மா கையில் இருப்பது போலி. கைநாட்டையும் அவரே வைத்திருக்கலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. மெமோ கொடுத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்பது அந்தக் காலத்தில் வேதவாக்கு. எங்கள் நிறுவனத்தை அழைத்தது கூடத் தப்பைக் கண்டுபிடிக்க அல்ல. கணினியில் தப்பில்லை என்று எழுதிக் கொடுக்கத்தான். அந்த நிரலை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். என்னை அனுப்பினார்கள்.

அந்த அம்மா என்னிடம் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒரு சின்ன நோட்டை நீட்டினார். "தம்பி, காணாமப் போன மூணு வவுச்சரும் இதுல இருக்கு. அச்சான நேரமும் எழுதியிருக்கேன். பாருங்க" என்றார். அந்த மூன்று எண்களுக்கும் கணினியில் இருந்த மற்ற வவுச்சர்களை எடுத்து நேரத்தைப் பார்த்தேன். மூன்றிலும் அதே நாள், அதே மணி, அதே நிமிஷம். மூன்றும் மாதத்தின் முதல் வாரம், கூட்டம் அலைமோதும் நேரம். போலி தயாரிப்பவர் பக்கத்துக் கவுண்டரில் வவுச்சர் அச்சாகும் நிமிஷத்தையா காத்திருந்து பிடிப்பார்?

மற்ற காசாளர்களிடமும் தனித்தனியாகக் கேட்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் மெதுவாக, "எனக்கும் ஒரு தடவை குறைஞ்சுது சார். சின்னத் தொகை. வம்பு எதுக்குன்னு கையிலிருந்து போட்டுட்டேன்" என்றார். இன்னொருவருக்கும் அதே கதை. அந்த அம்மாவுக்கு மட்டும் மூன்று தடவை ஏன்? நாலு பேரில் அவர்தான் வேகமாக வேலை செய்பவர். மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அவர் இரண்டு வவுச்சர் போட்டுவிடுவார். அதிகம் போட்டவருக்கு அதிக அடி.

இனி நிரலுக்கு வருவோம். கடைசியாகக் கொடுத்த வவுச்சர் எண் ஒரு சிறு கோப்பில் இருந்தது. நிரல் அதைப் படிக்கும், ஒன்றைக் கூட்டும், திரும்ப எழுதும். பிறகு பெரிய கோப்பில் அந்த எண்ணுக்குரிய இடத்தில் விவரங்களைப் பதியும். 412 என்றால் 412-ஆவது இடம். இரண்டு கவுண்டர்கள் ஒரே சமயத்தில் 411-ஐப் படித்தால் இரண்டுக்கும் 412 கிடைக்கும். முதலில் பதிந்ததன் மேலேயே இரண்டாவது பதியும். முதல் வவுச்சர் இருந்த சுவடே இருக்காது. காகிதம் மட்டும் மிஞ்சும்.

எழுதியவர் இதை யோசிக்காமல் இல்லை. பூட்டு ஒன்று வைத்திருந்தார். எண்ணைத் தொடுவதற்கு முன், "பூட்டு" என்ற அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். இருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று காத்திருக்கும். இல்லாவிட்டால் தானே அந்தக் கோப்பை உருவாக்கிவிட்டு உள்ளே போகும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். படிக்கும்போது கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால் கல்யாண மண்டபத்தை மறந்துவிடாதீர்கள். "இருக்கிறதா?" என்று பார்ப்பது ஒரு வேலை. "உருவாக்கு" என்பது இன்னொரு வேலை. யூனிக்ஸ் ஒரே கணினியை நாலு பேருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஒருவர் பார்த்து முடித்த கணத்தில் அடுத்தவருக்கு முறை வந்துவிட்டால், அவரும் பார்ப்பார், அவருக்கும் பூட்டு இருக்காது. அவர் நிரல் பயன்படுத்திய உருவாக்கும் கட்டளையோ, ஏற்கெனவே கோப்பு இருந்தால் ஆட்சேபிக்காது. காலி செய்துவிட்டு "ஆயிற்று" என்று சொல்லும். ஆக, பூட்டைப் பூட்டுவதிலேயே ஓட்டை.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். அலுவலகம் மூடியபின் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து, நகல் நிரலில் பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவே பத்து விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். அதிகாரியை ஒரு டெர்மினலிலும் அந்த அம்மாவை இன்னொன்றிலும் உட்காரவைத்து, அடுத்தடுத்து பொத்தானை அழுத்தச் சொன்னேன். இரண்டு அச்சுப்பொறியிலும் ஒரே எண் வந்தது.

அதிகாரி லேசில் விடவில்லை. "நீங்கள் வேண்டுமென்றே மெதுவாக்கியதால் வந்தது. நிஜத்தில் பத்து விநாடி எங்கே இருக்கிறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டு, இரண்டு டெர்மினலிலிருந்தும் ராத்திரி முழுக்க ஓயாமல் வவுச்சர் போடும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓட விட்டேன். காலையில் ஆயிரக்கணக்கான வவுச்சர்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இரட்டை எண்கள் இருந்தன. விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்த அம்மாவுக்கும் அவ்வளவுதானே நடந்தது?

சரி, எப்படி அடைப்பது? "வேகமான மெஷின் வாங்கினால் போய்விடுமா?" என்று கேட்டார்கள். போகாது. இடைவெளி குறுகும், மூடாது. முன்பு மாதத்துக்கு ஒன்று என்றால் இனி வருஷத்துக்கு ஒன்று வரும். அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

செய்ய வேண்டியது, பார்ப்பதையும் செய்வதையும் ஒரே வேலையாக்குவது. யூனிக்ஸில் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. "இந்தக் கோப்பு இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, இருந்தால் முடியாது என்று சொல்" என்று ஒரே கட்டளையாகக் கொடுக்கலாம். நடுவில் வேறு யாரும் நுழைய முடியாதபடி கெர்னலே பார்த்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒருவருக்குத்தான் "ஆயிற்று". மற்றவருக்கு "முடியாது".

ரயில்வேயில் நம் முன்னோர் இதை வெகு காலம் முன்பே செய்துவிட்டார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக மீட்டர்கேஜ் ரயிலில் போனவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்டேஷனைக் கடக்கும்போது வளையத்தில் கட்டிய பையை டிரைவர் எட்டிப் பிடிப்பார். அதற்குள் ஒரு உலோகப் பந்து. அதுதான் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான ஒற்றைப் பாதைக்கு அனுமதி. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் வேறு பந்து வராது. "பாதை காலியா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு ரயிலை அனுப்பும் ஏற்பாடு அல்ல அது. பந்து கையில் வந்தாலே பாதை உங்களுடையது.

ஆனால் அடையாளக் கோப்புப் பூட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. பூட்டிய நிரல் நடுவில் செத்துப்போனால் கோப்பை அழிக்க ஆளிருக்காது. கரண்ட் போய் வந்த காலையில் நாலு கவுண்டரும் "யாரோ உள்ளே இருக்கிறார்கள்" என்று காத்துக்கொண்டே நிற்கும். உள்ளே ஒரு ஈ காக்கை இருக்காது. மின்வெட்டு தினசரி வழக்கமாக இருந்த ஊருக்கு அது சரிப்படாது. ஆகவே அடையாளக் கோப்பையே விட்டுவிட்டு, எண் இருக்கும் கோப்பின் மீதே கெர்னல் போடும் பூட்டைப் பயன்படுத்தினேன். நிரல் இறந்தால் அதன் பூட்டைக் கெர்னலே விடுவித்துவிடும். மேலுக்கு ஒரு காவலும் வைத்தேன். பூட்டு கையில் இருக்கும்போதே, பெரிய கோப்பில் அந்த இடம் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் பதிய வேண்டும். காலியில்லை என்றால் அச்சிடாமல் நிற்க வேண்டும். மறுபடி ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினோம். ஒரு இரட்டை எண்கூட வரவில்லை.

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். கட்டிய பணமும் திரும்பக் கிடைத்தது. கையிலிருந்து போட்டுவிட்டு வாய் மூடியிருந்த மற்ற இருவருக்கும் காட்ட ரிக்கார்டு இல்லாததால் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து அவசர நிரலில் மட்டும்தான் இப்படி வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கோப்புகளை வட்டில் அடுக்கிப் பராமரிக்கும் மென்பொருளுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அதற்குள்ளும் இதே பாடுதான். லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர் உள்ள கணினிகளுக்காக 1996-ல் வந்த 2.0 பதிப்பில் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு வைத்தார்கள். வீட்டில் எத்தனை அறை இருந்தாலும் வாசலில் ஒரே சாவி என்பது போல. பத்திரம்தான், ஆனால் ஒருவர் சமையலறையில் இருந்தால் மற்றவர் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு அறைக்கு ஒரு பூட்டு என்று மாற்றுவதற்கு 15 வருஷம் பிடித்தது. 2011-ல் வந்த 2.6.39 பதிப்பில்தான் கடைசியாகப் போயிற்று.

பூட்டுகள் பலவானால் வேறு தொல்லை. ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ஆடுகள் கதை தெரியுமல்லவா? ஒரு நிரல் முதல் அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கும், இன்னொன்று இரண்டாவதைப் பூட்டிக்கொண்டு முதலாவதற்குக் காத்திருக்கும். இரண்டும் நகராது. அதனால் ஒரு கோப்பை ஒரு அடைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எந்த அடைவை முதலில் பூட்ட வேண்டும் என்று லினக்ஸில் விதி வகுத்திருக்கிறார்கள். அதை விளக்கவே ஒரு தனி ஆவணம் உண்டு. அந்த வரிசை எங்காவது மீறப்படுகிறதா என்று கெர்னல் ஓடும்போதே கவனித்துச் சொல்லும் லாக்டெப் என்ற காவல்காரனை 2006-ல் சேர்த்தார்கள்.

இவ்வளவு காவல் போட்டும் 2023 நவம்பரில் ஒன்று வெளிவந்தது. ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்பது, எழுதிய தகவல் கெட்டுப்போகாமல் காப்பதற்கென்றே பேர் போன ஃபைல் சிஸ்டம். அதைப் பயன்படுத்திய ஜென்டூ லினக்ஸ்காரர் ஒருவருக்கு, கோப்பை நகலெடுத்தால் நகலில் சில இடங்களில் வெறும் பூஜ்யங்கள் வந்தன. மூலக் கோப்பு நன்றாகவே இருந்தது. எப்போதாவதுதான் அப்படி நடந்தது.

காரணத்தைக் கேட்டால் பழைய வவுச்சர் ஞாபகம் வரும். புதிதாக எழுதியது முதலில் நினைவகத்தில் இருக்கும், சில விநாடி கழித்து மொத்தமாக வட்டுக்குப் போகும். நகலெடுக்கும் நிரல், நேரம் மிச்சம் பிடிக்க, "இந்தக் கோப்பில் எங்கே தகவல் இருக்கிறது, எங்கே வெற்றிடம்?" என்று ஃபைல் சிஸ்டத்தைக் கேட்கும். வட்டுக்குப் போகாதது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஃபைல் சிஸ்டம் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. அந்தக் கணத்தில் கேட்டால், பாக்கி இருக்கும்போதே "ஒன்றும் பாக்கியில்லை, இங்கே வெற்றிடம்" என்று சொல்லிவிடும். நகலெடுப்பவர் அதை நம்பி அந்த இடத்தைப் பூஜ்யமாக விட்டுவிடுவார்.

அங்கேயும் முதலில் மாட்டியது உண்மையான குற்றவாளி அல்ல. அக்டோபரில் வந்த 2.2.0 பதிப்பில், தகவலைத் திரும்ப எழுதாமலே நகலெடுக்கும் புது வசதி ஒன்று சேர்த்திருந்தார்கள். புதுசாக வந்தவன்மேல் சந்தேகம் போவது இயற்கை. 2.2.1-ல் அதை அணைத்து வைத்தார்கள். அப்படியும் தப்பு வந்தது. பழைய பதிப்புகளிலும் வரவைக்க முடிந்தது. பல வருஷமாக உள்ளே இருந்த இடைவெளி அது. நகலெடுக்கும் நிரல்கள் வெற்றிடத்தைப் பற்றி அடிக்கடி கேட்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது. நான் ராத்திரி ஓட்டியதைப் போலவே, ஏராளமான கோப்புகளை ஒரே சமயத்தில் எழுதி உடனே நகலெடுத்து ஒப்பிடும் நிரலை வைத்துத்தான் அதையும் பிடித்தார்கள். நவம்பர் முடிவதற்குள், பாக்கியைச் சரியாகச் சோதிக்கும்படி திருத்தி 2.2.2, 2.1.14 என்று இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன. திருத்தம் என்னவோ சில வரிகள்தான்.

எப்போதாவது வரும் தப்புக்கு இது ஒரு குணம். அது வரும்போது பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் தலையில்தான் பழி விழும். திரும்ப நடத்திக் காட்டச் சொன்னால் நடக்காது. அதனாலேயே சொல்பவர் பொய்யர் ஆகிவிடுகிறார்.

இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களுக்கு நிரல் எழுதும் வேலை இல்லை. ஆனால் ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது என்று நாமும் கவுண்டர் முன்னால் நிற்கிறோம். "சிஸ்டத்தில் அப்படிக் காட்டவில்லையே" என்ற பதிலையும் கேட்கிறோம். அடுத்த முறை அப்படி ஆனால் நாள், மணி, நிமிஷம், எந்த இடம், எந்த மெஷின் என்று உடனே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். தொகை சிறியது என்று வாய் மூடியும் இருந்துவிடாதீர்கள். அந்தக் கவுண்டரில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்குப் பணம் குறைந்தது. நேரத்தை எழுதி வைத்தவர் ஒருவர்தான். அந்த நோட்டு இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.